மாதம்மாள் போட்ட பிளானும் மச்சினர் கட்டாத மண்டபமும்

எங்கள் பக்கத்தில் லேஅவுட் என்றால் வீட்டு மனை. அதனால் "ஃபேக்டரியில லேஅவுட் போடுறேன்" என்று நான் சொன்ன இடங்களிலெல்லாம், கேட்டவர்கள் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூலை மனை எதுனா காலியா இருக்குங்களா?" என்றார்கள். என் மாமனார் பெண் கொடுத்ததே அந்த நம்பிக்கையில்தான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் அவரை ஃபேக்டரிக்குக் கூட்டிப்போனேன். எந்த மெஷின் எங்கே நிற்க வேண்டும், சரக்கு எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போக வேண்டும், ஆட்கள் எங்கே நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் என் வேலை என்று விளக்கினேன். சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா மாப்ள?" என்று கேட்டார். கவலையோடுதான் கேட்டார்.

நான் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகப்போகிறது. போன வாரம், என் இடத்துக்கு வந்திருக்கும் அருண் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரர். இப்போதெல்லாம் முழு ஃபேக்டரியும் கம்ப்யூட்டருக்குள் ஓடுகிறது. மெஷின்கள் கட்டம் கட்டமாக நிற்க, ஆட்கள் புள்ளிகளாக நடக்கிறார்கள். அந்தப் படத்தில் முன் ஹாலின் நடுப்பாதை மட்டும் சிவப்பாக இருந்தது. கீழே எழுதியிருந்தார்: "சார், இந்தப் பாதை எதுக்கு இவ்ளோ அகலம்? பாதி இடம் வேஸ்ட்னு சாஃப்ட்வேர் சொல்லுது. எந்த டிராயிங்லயும் காரணம் போடல."

காரணத்தை டிராயிங்கில் போட்டிருந்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வாட்ஸப்பில் இரண்டு வரியில் சொல்லவும் முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் படித்தது டிப்ளமோ. பிறகு ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டிராயிங் போர்டுக்கு முன்னால் பல வருஷம். அங்கே கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: மெஷின் வாங்குகிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள், வேகத்தைப் பார்ப்பார்கள், அது எங்கே நிற்கப்போகிறது என்று மட்டும் பார்க்கமாட்டார்கள். லாரியிலிருந்து இறக்கிய பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். சொந்தப் பக்கமே வந்துவிடலாம் என்று பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் சேர்ந்தேன். கெம்பண்ணாவிடம் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

கெம்பண்ணா எங்கள் மேனேஜர். தளிப் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். மறுப்புச் சொல்ல மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார். "பேடா" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சே கிடையாது. அவர் ரூமில் நாற்காலி உண்டு, அதில் அவருடைய ஹெல்மெட் உட்கார்ந்திருக்கும். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எதைக் கண்டாலும் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளுவார். மெஷின், அலமாரி, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் தோள், எல்லாவற்றுக்கும் அதே பரீட்சைதான். ஆடினால், "இது மெஷினா, தொட்டிலா?" என்பார். அவருக்கு இந்த உலகத்தில் நம்பிக்கையான பொருள் கான்கிரீட் ஒன்றுதான். ஒரு எடை மெஷினுக்குக்கூட அஸ்திவாரம் தோண்டி, தேங்காய் உடைத்து, போல்ட் போட்டு இறுக்கியவர் அவர்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பிளான் என்று எதைக் கொண்டுபோனாலும் காகிதத்தைப் பார்க்கவே மாட்டார். "காயிதத்துல எந்த மெஷினும் எதோடயும் இடிக்காது. தூக்குங்க க்ரேட்ட" என்பார். பழம் நிரம்பிய பிளாஸ்டிக் க்ரேட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, பிளானில் பழம் போகிற வழியெல்லாம் நாமே நடக்க வேண்டும். நடந்து முடித்தும் முகம் சுளிக்காமல் இருந்தால் கையெழுத்துப் போடுவார். முதலாளியே ஒருமுறை புதிய ஆபீஸ் ரூம் வேண்டும் என்று வந்து, க்ரேட்டோடு பாதிவழி நடந்துவிட்டு, "பழைய ரூமே நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பிப் போனார்.

எங்கள் முதலாளி நல்லவர். அவரிடம் இருந்த ஒரே குறை, யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. எதிரெதிராக இரண்டு பேர் வந்து நின்றால் இரண்டு பேருக்கும் "சரி" சொல்லிவிட்டு காரில் ஏறிவிடுவார்.

மாம்பழ சீசன் முடிந்ததும் ஃபேக்டரியைப் பூட்டிவிடுவது அங்கே வழக்கம். சித்திரையில் திறந்தால் ஆடி பிறக்கும்போது பூட்டு. மீதி மாதமெல்லாம் அவ்வளவு பெரிய ஷெட்டில் புறாக்கள் குடித்தனம் நடத்தும். பழம் வெட்டும் பெண்களெல்லாம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறுவார்கள். அவர்களுக்குத் தலைவி மாதம்மாள். வெட்டும் மேசைக்கும் அவள்தான் தலைவி, சண்டைக்கும் அவள்தான் தலைவி. அவளுடைய பெண் மாரண்டஹள்ளியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆடி பிறந்தால் பெண்ணை அக்கா வீட்டில் விட்டுவிட்டு மாதம்மாள் கிளம்ப வேண்டும்.

"அவ பெரிய மனுஷி ஆன சேதியே எனக்குப் போன்லதானுங்க சார் வந்துச்சு. சிமெண்டுக் கையோட நின்னு கேட்டேன்" என்று ஒருமுறை சொன்னாள். வழக்கமாக எதையும் கேலியாகச் சொல்கிறவள், அதை மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

நாங்கள் பூட்டிவிட்டுப் போகிற அதே மாதங்களில், கூப்பிடு தூரத்தில் பாலக்கோட்டு மண்டியில் தக்காளி மலையாகக் குவியும். விலை விழுந்தால் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். நமக்கு பாய்லர் இருக்கிறது, கூழாக்கும் மெஷின் இருக்கிறது, நிரப்பும் மெஷின் இருக்கிறது. அவையெல்லாம் ஷெட்டின் பின்பாதியில், எந்தப் பழத்துக்கும் பொது. தடை முன் ஹாலில்தான். மாம்பழத்துக்கு அங்கே வெட்டும் மேசைகள் வேண்டும். தக்காளிக்கு மேசை வேண்டாம், கழுவும் தொட்டியும் பொறுக்கும் பெல்ட்டும் நீளமாக வேண்டும். எல்லாம் கெம்பண்ணாவின் கான்கிரீட்டில் முளைத்து நின்றன. நான் கேட்டது இவ்வளவுதான்: முன் ஹாலில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பிரேக் வைத்த சக்கரம் போடுவோம். தண்ணீரும் நீராவியும் தலைக்கு மேலே குழாயில் ஓடட்டும். மெஷின் எங்கே போய் நிற்கிறதோ அங்கே ஹோஸை இறக்கி மாட்டிக்கொள்ளலாம். மாம்பழத்துக்கு ஒரு வரிசை, தக்காளிக்கு ஒரு வரிசை, நாளைக்குக் கொய்யா வந்தால் அதற்கும் ஒரு வரிசை.

கெம்பண்ணா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மெஷினுக்குச் சக்கரமா? லைட்டு, ஹாரன்? லைசென்ஸ் நீங்க எடுக்குறீங்களா, நான் எடுக்கணுமா?" என்றார். பிறகு, "பேடா."

அந்த பேடாவை உடைத்தது, எங்களிடம் கூழ் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் சார்பில் சென்னையிலிருந்து வந்த திவ்யா என்ற பெண். சுற்று வட்டாரத்துப் பழம்தான் எடுக்க வேண்டும், அட்டைப்பெட்டி கூடாது, போன க்ரேட்டே திரும்பி வர வேண்டும், தோலும் கொட்டையும் ஓடைக்குப் போகக்கூடாது, ஒரு ஷெட்டை வருஷம் பூராவும் ஓட்டினால் இன்னும் நல்லது என்று அடுக்கிவிட்டு, இதற்கெல்லாம் சேர்த்து "சஸ்டெயினபிள் சப்ளை செயின்" என்று பெயர் சொன்னாள்.

கெம்பண்ணா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வீணாக்காதே, தூரம் போவாதே, நாளைக்கும் மிச்சம் வை. அவ்ளோதானே? எங்கம்மா இத தினம் சோறு போடுறப்ப சொல்லும். அதுக்கு நீங்க சென்னையிலிருந்து வரணுமாம்மா?" என்றார். ஆனால் அந்த வார்த்தை அவருக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு, "ஒரு சக்கரம் வாங்கிட்டு வாங்க, தள்ளிப் பாக்கலாம்" என்றார். பிரேக்கைப் போட்டுவிட்டு முழு பலத்தோடு தள்ளினார். சக்கரம் அசையவில்லை. அவர் முகத்தில் ஏமாற்றமும் மகிழ்ச்சியும் சேர்ந்தே தெரிந்தன.

முதலாளி வழக்கம்போல் "சரி" என்றார். கூடவே அவருடைய மச்சினர் சின்னராசுவுக்கும் "சரி" சொல்லியிருந்தார். சின்னராசுவின் யோசனை, சும்மா கிடக்கிற முன் ஹாலைக் கல்யாண மண்டபமாக்கிவிடலாம் என்பது. "தூணில்லாத ஹாலுங்க, பார்க்கிங் இருக்குது, தண்ணி இருக்குது, மேளச்சத்தம் கேட்டுச் சண்டைக்கு வரப் பக்கத்துல வூடே கெடையாது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி இரண்டையும் சேர்த்து ஒரு தீர்ப்புச் சொன்னார். வருகிற ஆவணிக்குள் ஒரு லோடு தக்காளிக்கூழ் எடுத்துக் காட்டினால் வருஷம் பூராவும் ஃபேக்டரி. இல்லையென்றால் மண்டபம்.

இனி அந்தப் பாதையின் கதை.

மார்கழி மாதம். புது வரிசையை நான் காகிதத்தில் போட்டுவிட்டேன். கெம்பண்ணாவோ முழு அளவில் தரையில் போட்டு, ஆட்களை நடக்கவிட்டுப் பார்க்காமல் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்றார். ஹாலுக்குள் பழைய மெஷின்கள் நின்றதால் வெளி முற்றத்தில் போடுவதாக முடிவானது. சாக்பீஸ் அந்தத் தரையில் நிற்கவில்லை. சுண்ணாம்பு காலை அரித்துவிடும். "கோலமாவு போடுங்க, மார்கழிதானே" என்றார் கெம்பண்ணா. பெங்களூரிலிருந்து மாதம்மாளையும், சுற்று ஊர்களில் பஸ் ஏறாமல் இருந்த நாலைந்து பெண்களையும் வரவழைத்து, பிளானைக் கையில் கொடுத்தேன். சதுரமெல்லாம் மெஷின், அம்புக்குறி போட்ட கோடு ஆட்கள் நடக்கும் வழி. நாங்கள் வழியை ஒற்றைக் கோடாகத்தான் போடுவோம், அந்தக் கோட்டின் மேலேயே நடந்து பார்க்க வேண்டும்.

விடிந்து போய்ப் பார்த்தேன். அளவு இம்மி பிசகவில்லை. ஆனால் சும்மா கோடு போட்டு நிறுத்த அவர்களுக்குக் கை வரவில்லை. கழுவும் தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் நீலப்பொடி தூவி இரண்டு அன்னம் நீந்தின. பெல்ட் முழுக்க மாங்காய்க்கொத்து. வழிகள் பிரியும் மூலைக்கு மூலை ஒரு தாமரை, நடுவில் மஞ்சளும் குங்குமமும். கெம்பண்ணா நெடுநேரம் பார்த்துவிட்டு, "லேஅவுட்டு, உங்க டிராயிங்ல இந்தக் களை இல்லியே" என்றார். எனக்கு அவர் வைத்த பெயர் அது.

பிறகு சோதனை. பெண்கள் க்ரேட்டைத் தூக்கிக்கொண்டு பிளானில் உள்ளபடி நடந்தார்கள். ஆட்கள் நடக்க எவ்வளவு அகலம் தேவைப்படுகிறது என்று மூலைக்கு மூலை டேப்போடு ஆள் நிறுத்தி அளந்தோம். வந்த அளவு எனக்கே புரியவில்லை. ஓசூரில் இரண்டு பேர் போகிற வழியில் இங்கே இரண்டு பேர் போக நாலு பேர் இடம் வேண்டியிருந்தது. திரும்பும் மூலைகளில் இன்னும் மோசம். எல்லோரும் பெரிதாக வளைந்து போனார்கள். "ஒருவேளை க்ரேட் பெரிசோ" என்றேன். கெம்பண்ணாவுக்குச் சந்தேகமே இல்லை. "காயிதம் பொய் சொல்லும், கால் பொய் சொல்லாது. கால் கேக்குற அகலத்தக் குடுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த அகலத்துக்கே மேலே குழாய்கள் ஓடின, தரை பூசினோம், மஞ்சள் பெயிண்டில் பாதை அடித்தோம்.

சித்திரையில் ஷெட் திறந்தது. முதல் நாளே பெண்கள் பாதையின் நடுவில் ஒட்டிக்கொண்டு, பேசிக்கொண்டே ஒய்யாரமாக நடந்தார்கள். இரண்டு பக்கமும் பாதிப் பாதை காலி. கெம்பண்ணா நின்று பார்த்தார். மாதம்மாளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இப்ப இத்தினிக்கூண்டு எடத்துல போறீங்களே, அன்னிக்கு வாசல்ல மட்டும் ஏன் ஊரச் சுத்துனீங்க?"

"அது கோலமுங்களே சார்."

"கோடுதானே? மேல நடக்கச் சொன்னா நடக்க வேண்டியதுதானே?"

"செருப்புக் காலோட தாமரைய எப்பிடிங்க மிதிக்கிறது?" என்று அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதவர்களிடமா இவ்வளவு நாள் வேலை செய்தோம் என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது.

"அப்ப இது?" என்று கெம்பண்ணா மஞ்சள் கோட்டைக் காட்டினார்.

"இது பெயிண்டுங்க."

கெம்பண்ணா என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைத் தேடிப் போய் உள்ளங்கையால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போனார். பூசின தரையையும் ஓடின குழாயையும் இனிச் சுருக்க முடியாது. அந்த வாரம் சின்னராசு வந்து பாதையின் நடுவில் நின்று, இரண்டு கையையும் விரித்து, "அட அட, மாப்ள ஊர்வலமே போலாமேங்க இதுல! மண்டபத்துக்குன்னே கட்டுன மாதிரி இருக்குது" என்றார். மண்டபம் வரக்கூடாது என்று நான் போட்ட பிளானே மண்டபத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டது.

சின்னராசு அதோடு நிற்கவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் தன் மகன் கல்யாணத்தையே அந்த ஹாலில் வைத்துவிட்டார். நாலு பேர் கண்ணில் பட்டால் அடுத்த முகூர்த்தங்கள் தானாக வரும் என்பது கணக்கு. முதலாளி அதற்கும் "சரி" சொல்லியிருந்தார். திவ்யா தக்காளி ஓட்டத்தைப் பார்க்க வருவதாகச் சொன்ன தேதியும் அதுவேதான். அவளுக்கும் அவர் "சரி" சொல்லியிருந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பந்தல்காரர்கள் ஹாலைப் பிடித்துக்கொண்டார்கள். மேடை, வாழைமரம், சீரியல் லைட்டு. எங்கள் தொட்டியும் பெல்ட்டும் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில். "ரெண்டு நாள் பொறுங்க" என்று போனில் சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறிவிட்டார். அன்றைக்கென்று மண்டியில் தக்காளி விலை சரிந்தது. எங்களிடம் பேசி வைத்திருந்த விவசாயிகள், நாங்கள் கொடுத்திருந்த க்ரேட்டுகளிலேயே பறித்துக்கொண்டு நேரே ஃபேக்டரிக்கு வந்துவிட்டார்கள். மதியத்துக்குள் கேட்டுக்கு வெளியே டிராக்டர் வரிசை. ரெண்டு நாள் பொறு என்று தக்காளியிடம் யார் சொல்வது? இருக்கிற வெயிலுக்கு அடுத்த நாள் சாயங்காலம் அது ஓடையாக ஓடும்.

மாதம்மாள் கேட்டோரம் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் துணிப்பை.

"ஆடி பூரா இழுத்துட்டேன், மேஸ்திரி மறுபடி போன் பண்ணிட்டாருங்க சார். நாளைக்குச் சாயங்காலம் பெங்களூர் பஸ்ஸாம். ஓடுதா இல்லியான்னு சொல்லிட்டீங்கன்னா கெளம்பிருவேன்."

"ஓடும்" என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"பொண்ணு பத்தாவதுங்க இந்த வருசம்" என்றாள். அவ்வளவுதான். அவள் கெஞ்சியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். ஹாலுக்குள் போகிற வரைக்கும் என் கண் கலங்கியே இருந்தது.

உள்ளே வேறு ரகளை. நிச்சயதார்த்தச் சடங்குக்கு வந்த ஐயர் மேடையைப் பார்த்துவிட்டு ஏறவே மாட்டேன் என்று நின்றார். கேட் இருப்பது தெற்கே. வருகிறவர்களுக்கு நேராகத் தெரியட்டும் என்று பந்தல்காரர் மேடையைத் தெற்குப் பார்த்துப் போட்டிருந்தார்.

"தெக்கப் பாத்து ஒக்கார வெச்சுத் தாலி கட்டச் சொல்றீங்களா? நான் பண்றது கல்யாணம்ங்க, கருமாதி இல்ல" என்றார் ஐயர்.

"மேடையப் பிரிச்சா மறுபடி கட்டப் பொழுது விடிஞ்சிரும்" என்றார் பந்தல்காரர். சின்னராசு வெள்ளைச் சட்டை முழுக்க வேர்த்து நின்றார்.

கெம்பண்ணா வந்தார். மேடையில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு. மேடை ஆடியது. குனிந்து கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தார். ப்ளைவுட்டுக்கு அடியில் எங்கள் மாம்பழ மேசைகள் வரிசையாக நின்றன. சும்மாதானே கிடக்கிறது என்று பந்தல்காரர் எடுத்துச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். ஒவ்வொரு காலிலும் நான் போட்ட சக்கரம்.

கெம்பண்ணா நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. "ஐயரே, எந்தப் பக்கம் வேணும்?"

"கிழக்கு."

"கெழக்கப் பாக்கணும்னா மேட மேக்குச் செவுத்துக்குப் போவணும். போனா கெழக்குப் பக்கம் பூரா எனக்கு வேணும். என்னாங்க சின்னராசு, தள்ளட்டுமா?"

சின்னராசு ஐயரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். கெம்பண்ணா பிரேக்குகளை உதைத்து விடுவித்தார். மாதம்மாளும் பெண்களும் வந்து கை கொடுக்க, பூவும் குத்துவிளக்கும் ராஜா நாற்காலி இரண்டும் அப்படியே இருக்க, மேடை தேர் மாதிரி நகர்ந்து, திரும்பி, மேற்குச் சுவரோரம் கிழக்குப் பார்த்து நின்றது. வாழைமரம் மட்டும் ஒன்று சாய்ந்தது. ஐயர் ஏறி நின்று, "பேஷ்" என்றார்.

கிழக்குச் சுவரோரம் பெல்ட்டையும் தொட்டியையும் தள்ளிக் கொண்டுவந்து ஹோஸை மாட்டினோம். பாதையின் நடுவே நீளவாக்கில் மேலிருந்து தரை வரை தடுப்பு கட்டி, தரையைக் கழுவினோம். அந்தப் பாழாய்ப் போன அகலப் பாதைதான் காப்பாற்றியது. பாதியில் கல்யாண நாற்காலிகள், மீதியில் எங்கள் க்ரேட்டுகள். ஓசூர் அளவில் போட்டிருந்தால் மேடையைத் திருப்பவே இடம் இருந்திருக்காது.

காலையில் திவ்யா வந்து இறங்கினாள். தலைக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு நிமிர்ந்தவள் முன்னால் நாதஸ்வரக்காரர் நின்றார். "ஆடிட் பண்றப்ப உள்ள கல்யாணம் நடந்தா என்ன பண்ணணும்னு எனக்கு யாரும் சொல்லித்தரல சார்" என்றாள்.

"மொதல்ல சாப்புடணும்" என்றார் கெம்பண்ணா.

ஆனால் வேலை என்று வந்தால் அவள் லேசில் விடவில்லை. தடுப்பில் விரல் போகிற இடுக்குக்கூட இருக்கக்கூடாது என்றாள். எங்கள் பெண்கள் தலைப்பூவை எடுத்துவிட்டுத் தொப்பி போட்டார்கள். எங்கள் வாசலைத் தாண்டுகிற எவருக்கும் தொப்பி என்று சட்டம் போட்டாள். மாப்பிள்ளை அழைப்பு அந்த வழியாகத்தான் வந்தது. கெம்பண்ணா வாசலில் நின்று மேளக்காரர்கள் தலையிலெல்லாம் வலையை மாட்டிவிட்டார். மாப்பிள்ளையைப் பார்த்து, "தலப்பா இருக்குது, நீங்க போலாம்" என்றார். சின்னராசு சொன்ன ஊர்வலம் என் பாதையில் போயே விட்டது.

பெல்ட் ஓடியது. தக்காளி தொட்டியில் குதித்து, புரண்டு, சிவப்பாக மேலே ஏறிப் பின்னால் போனது. காலி க்ரேட்டும் தோல் மூட்டையும் ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் திரும்பின, தோல் மாட்டுக்கு. மாதம்மாள் பெல்ட் தலைப்பில் நின்று, அழுகலைப் பொறுக்கிக்கொண்டே தடுப்புக்கு அந்தப் பக்கம் காது வைத்திருந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. கலெக்டர் வந்தபோதுகூட ஓடுகிற மெஷினை நிறுத்தாத கெம்பண்ணா போய் பெல்ட்டை நிறுத்தும் பொத்தானை அமுக்கினார். கையுறையோடு பெண்கள் அத்தனை பேரும் தடுப்பைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?" என்றாள் திவ்யா.

"அந்தப் பக்கம் ஒரு கல்யாணம் ஆயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி பொத்தானை அமுக்கினார்.

எல்லாம் ஓடியும், தீர்ப்பு இன்னும் பாக்கி இருந்தது. முதலாளி பந்தியில் இலை பார்த்துக்கொண்டிருந்தார். சின்னராசு அவர் காதோரம், "அடுத்த முகூர்த்தத்துக்கே மூணு பேரு கேட்டுட்டாங்க மாமா" என்று ஆரம்பித்தார். முதலாளியின் உதட்டில் அந்தச் "சரி" வந்துவிட்டதை நான் பார்த்தேன். அப்போது பெண்ணின் அப்பா கை கழுவிக்கொண்டு வந்தார். மாரண்டஹள்ளிக்காரர், தக்காளி விவசாயி. மகள் கல்யாணத்தன்றும் கேட்டுக்கு வெளியே டிராக்டர் வரிசையில் அவருடைய வண்டியும் நின்றிருக்கிறது. கௌரவம் பார்த்து யாரிடமும் சொல்லவில்லை. தடுப்பு முடிகிற வாசலோரமாக எட்டிப் பார்த்தவர், க்ரேட்டில் தன் அடையாளத்தைக் கண்டுகொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"சம்பந்தி" என்று சின்னராசுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மண்டியில எல்லாரும் கொட்டிட்டுப் போறாங்க. எம் பொண்ணு வாழப்போற வூட்டு ஃபேக்டரியில எந் தக்காளி ஓடுதுங்க. தட்டு வரிசைல இதவிட எனக்கு என்னாங்க மரியாத வேணும்? வருசம் பூரா ஓட்டுவீங்கல்ல?"

சின்னராசு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சை நிமிர்த்தி, "பின்ன? என் யோசனதானுங்க இது" என்றார்.

முதலாளி சந்தோஷமாக, "சரி" என்றார்.

அன்று சாயங்காலம் பெங்களூர் பஸ் மாதம்மாள் இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு எல்லாம் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். தக்காளி விலை ஏறிய மாதங்களில் எங்களுக்குக் கொடுக்க யாருக்கும் மனசு வராது. கொய்யாவுக்கு மாறினோம், புளிக்கு மாறினோம், சில வாரம் சும்மாவும் நின்றோம். சக்கரம் உடைந்தது, ஹோஸ் பீறிட்டு என்னையே குளிப்பாட்டியது. ஆனால் ஷெட்டைப் பூட்டவில்லை. கெம்பண்ணா ஓய்வு பெற்று வீடு கட்டினார். போய்ப் பார்த்தேன். கட்டில் காலைத் தவிர மற்றதெல்லாம் கான்கிரீட். கட்டிலுக்கு என்ன என்று கேட்டேன். "சக்கரம்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு.

என்னுடைய கடைசி நாள் ஐப்பசியில் வந்தது. முன்பெல்லாம் புறா மட்டும் இருந்த மாதம். கேட்டைத் தாண்டினால் முற்றம் முழுக்க கோலம். என் பிளான்தான், முழு அளவில். அன்னம், மாங்காய்க்கொத்து, மூலைக்கு மூலை தாமரை, மேற்கு ஓரத்தில் சின்னதாக ஒரு மணமேடை, அதன் நாலு காலுக்கும் சக்கரம். மாதம்மாள் இப்போது ஷிப்ட் சூப்பர்வைசர். அவளுடைய பெண் தர்மபுரியில் நர்ஸிங் படிக்கிறாள். பெண்கள் எல்லாம் அந்தக் கோடியில், மாலையோடு நின்றார்கள்.

"கோட்டு மேலயே வாங்க சார்" என்று மாதம்மாள் கூவினாள். "இன்னிக்கு மிதிக்கலாம். போட்டவங்களே சொல்றோம்."

என் வாழ்நாள் பூராவும் கோட்டின் மேல் நடங்கள் என்று மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். காலைத் தூக்கினேன். காலில் செருப்பு. கீழே தாமரை, அதன் நடுவில் மஞ்சளும் குங்குமமும். தூக்கிய காலைப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த மூலையில் இன்னும் பெரிதாக வளைந்தேன். கண்ணில் தண்ணீர் வேறு மறைத்தது. மிதித்துவிடப் போகிறேனே என்று முற்றத்தின் ஓரம் வரைக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போனேன்.

சிரிப்பில் ஷெட்டே அதிர்ந்தது. அதற்கு மேலே மாதம்மாளின் குரல் கேட்டது.

"அடியே, டேப்ப எடுத்தாங்கடி! சாரு எவ்ளோ அகலம் கேக்குறாருன்னு அளந்து வையுங்க!"